மூச்சை அடக்கினால் கை நின்றுவிடாது

போன வாரமும் அதே அழைப்பு. "மான் விழவில்லை, ரத்தம் மட்டும் கிடக்கிறது, நாயோடு வர முடியுமா?" காயம்பட்ட மானை மோப்ப நாயின் துணையோடு தேடித் தருவது என் வேலை. சுட்ட இடத்தில் குனிந்து பார்த்தேன். இலையில் ஒட்டியிருந்த ரத்தத்தோடு அரைபட்ட பச்சைத் தழையும் கலந்திருந்தது. முகர்ந்ததும் தெரிந்துவிட்டது, தோட்டா இரைப்பையில் பாய்ந்திருக்கிறது. நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் வெளிர்சிவப்பாக நுரைத்துக் கிடந்திருக்கும். மறுநாள் காலையில்தான் மானைக் கண்டுபிடித்தோம். புதருக்குள் தலையைத் தூக்கியபடி படுத்திருந்தது. இன்னும் உயிர் இருந்தது.

சுட்டவர் கற்றுக்குட்டி அல்லர். பயிற்சிக் களத்தில் நூறு மீட்டரில் ஐந்து தோட்டாக்களையும் உள்ளங்கை அகலத்துக்குள் அடக்குபவர். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டேன். அப்படியும் கை நின்றபாடில்லை" என்றார்.

எத்தனை பேரிடம் இதே பதிலைக் கேட்டுவிட்டேன்! உரிமத்தோடு, வேட்டைக்கு அனுமதியுள்ள பருவத்தில், அனுமதியுள்ள இடத்தில் காட்டுக்குள் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தயவுசெய்து மூச்சை இழுத்து அடக்காதீர்கள். மானைக் கண்டதுமே நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் காற்றை நிறைத்துப் பூட்டினால் விலா, தோள், கழுத்து எல்லாம் விறைத்துக்கொள்ளும். இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும் விறைத்த தோள் வழியாகத் துப்பாக்கிக்குப் போகும். சில நொடிகள் கழிந்தால் உடல் காற்றுக்கு ஏங்கும். நடுக்கம் கூடும், பார்வையும் தெளிவிழக்கும். 'சீக்கிரம் முடி' என்று மனம் விரட்ட, விரல் விசையை வெடுக்கென்று இழுத்துவிடும். தோளிலிருந்து குழல் முனைவரை ஏறக்குறைய ஒரு மீட்டர். முனை ஒரு மில்லிமீட்டர் விலகினால் நூறு மீட்டர் தொலைவில் தோட்டா பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போகும். நடுத்தர மானின் உயிர்நிலையே, அதாவது இதயமும் நுரையீரலும் உள்ள பகுதியே, சுமார் இருபது சென்டிமீட்டர் அகலம்தான். இரண்டு மில்லிமீட்டர் போதும், மறுநாள் காலைவரை ஒரு மான் புதருக்குள் கிடக்க.

மூச்சை வெளியே விடுங்கள். மெதுவாக, நீளமாக, இரண்டு மூன்று முறை. ஒரு மூச்சு வெளியேறி அடுத்தது தொடங்குமுன் உடல் தானாகவே சற்று ஓய்ந்திருக்கும். அந்த ஓய்வில் விரல் நுனிச் சதையால் விசையை நிதானமாக அழுத்துங்கள். ஓய்வு கடந்துவிட்டதா? விரலை எடுத்துவிட்டு மறுபடி மூச்சு விடுங்கள்.

படபடப்பு அடியோடு அடங்கிவிடும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுப்பதில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. அதனால் துப்பாக்கியின் பாரத்தைக் கையிடம் விடாமல் மண்ணிடம் ஒப்படைக்க வேண்டும். முதுகுப்பை, மரக்கிளை, ஊன்றுகோல், எது கிடைத்தாலும் சரி. உட்கார்ந்து சுடுகிறவர்கள் முழங்கை எலும்பை முழங்கால் எலும்பின்மேல் வைக்கிறார்கள், அது வழுக்கும். முழங்கைக்குச் சற்று மேலே உள்ள சதை முழங்காலில் பதியட்டும். ஊன்ற ஒன்றுமே இல்லாமல், நின்றவாக்கில், தொலைவில் நிற்கும் மானைச் சுடவே சுடாதீர்கள்.

கொம்பைப் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலை ஒட்டிச் சற்றுப் பின்னால், உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஒரு பிடி ரோமத்தைத் தேர்ந்தெடுங்கள். அதை மட்டும் பாருங்கள். மானுக்குப் பின்னால் தோட்டாவைத் தாங்க மண்மேடு இருக்கிறதா? இல்லையென்றால் சுடக் கூடாது. குறி படியும்வரை விரல் விசை வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். இதைக்கூடச் சொல்லவேண்டியிருக்கிறது.

களத்தில் மேசைமேல் சாய்ந்து சுட்டுப் பழகியது காட்டில் கைகொடுக்காது. அடுத்த முறை துப்பாக்கியைக் காலியாக, பத்திரமாக வைத்துவிட்டு நூறு மீட்டர் ஓடிவிட்டு வாருங்கள். மூச்சிரைக்க உட்கார்ந்து சுட்டுப் பாருங்கள். எந்தத் தொலைவில் எல்லாத் தோட்டாக்களும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றனவோ, அதுதான் உங்கள் எல்லை. அதற்கு அப்பால் நிற்கும் மானையும், மூச்சு விட்ட பிறகும் குறி நிலைக்காத மானையும் போக விடுங்கள். போக விட்டவர் யாரும் இரவில் என்னை அழைத்து அழுததில்லை.

சுட்ட பிறகு ஓடாதீர்கள். அடுத்த தோட்டாவை ஏற்றிவிட்டு, மான் நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் அசையாமல் இருங்கள். தழை கலந்த ரத்தம் தென்பட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். குறைந்தது ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். விரட்டாவிட்டால் மான் பெரும்பாலும் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும். விரட்டினால் வெகுதூரம் போய்விடும். நாயை அழைப்பதாக இருந்தால், நான்கைந்து பேராகத் தடத்தை மிதித்துக் கலைப்பதற்கு முன்பே அழைத்துவிடுங்கள்.