கர்ப்ப கால மனச்சோர்வு: ஒரு மாதக் கூடுதல் விடுப்பும் இலவசச் சிகிச்சையும்

கர்ப்ப காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளான பெண்ணிடம் “எல்லாருக்கும் வருவதுதான், தைரியமாக இரு” என்று சொல்லி அனுப்புபவர்கள் வீட்டார் மட்டுமல்லர். அலுவலகங்களும் மருத்துவமனைகளும் அதையே செய்கின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கர்ப்பத்தால் உண்டாகும் நோய்க்கு, மகப்பேறு விடுப்புக்கு மேல் ஒரு மாதம் வரை ஊதியத்துடன் விடுப்பு உண்டு. 1961 மகப்பேறு நலச் சட்டத்தில் இருந்த இந்த உரிமை 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. அரசு நடத்தும் மனநலச் சிகிச்சையைப் பெறுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாக்கியிருக்கிறது.

விடுப்பு கேட்கும் பெண்கள் பெரும்பாலும் தோற்பது சான்றிதழில்தான். வெறுமனே “மனச்சோர்வு” என்று எழுதிய சான்றிதழைக் கொண்டுபோனால், இது கர்ப்பம் சார்ந்த நோய் அல்ல என்று மனிதவளப் பிரிவு தட்டிக்கழித்துவிடும். ஆகவே “கர்ப்பத்தின் காரணமாக ஏற்பட்ட மனச்சோர்வு” என்பதையும், எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். உளவியல் ஆலோசகரின் கடிதம் மட்டும் போதாது. பதிவு பெற்ற மருத்துவரின் கையொப்பம் வேண்டும். சட்டம் “நோய்” என்றுதான் சொல்கிறது. உடல் நோய் என்று எங்கும் சுருக்கவில்லை. மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்று 2017 சட்டம் தனியாகவே கூறுகிறது. இதை விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிடுவது நல்லது.

அடுத்த பொறி, இந்த ஒரு மாதத்தை உங்கள் ஈட்டிய விடுப்பிலோ 26 வார விடுப்பிலோ கழித்துவிடுவது. இது அவற்றுக்கு மேலானது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் தினக்கூலிகளுக்கும் இது கிடையாது என்று மேலாளர் சொன்னால் நம்பாதீர்கள்; தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. “உடம்பு தேறிய பின் மறுபடி சேர்ந்துகொள்ளலாம்” என்று இனிமையாகப் பேசி ராஜினாமாக் கடிதம் கேட்கும் இடங்களும் உண்டு. கையெழுத்திடாதீர்கள். சோர்வின் உச்சத்தில் இருக்கும் ஒருத்தியிடம் இப்படிக் கேட்பதைப் போன்ற கொடுமை வேறில்லை, அதற்குப் பணிந்து வேலையை இழந்தவர்களை நான் அறிவேன். விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், அல்லது பெற்றுக்கொண்டதாக நகலில் முத்திரை வாங்குங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் தொழிலாளர் துறையில் புகார் நகர்வது கடினம்.

மருத்துவமனையில் நடக்கும் அலைக்கழிப்பு வேறு விதமானது. மகப்பேறு பிரிவு மனநலப் பிரிவுக்கு அனுப்பும். அவர்களோ, மருந்து எழுதலாமா என்று மகப்பேறு மருத்துவரிடமே கேட்டுவரச் சொல்வார்கள். வாய்மொழியாக எதையும் சுமந்து திரியாதீர்கள். கர்ப்ப வாரத்தைக் குறிப்பிட்ட பரிந்துரைச் சீட்டும், அதற்குரிய பதிலும் எழுத்தில் இருக்கட்டும். முன்பே மருந்து உட்கொள்பவர் கர்ப்பம் உறுதியானதும் பயத்தில் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கணவரை அழைத்துவந்தால்தான் பார்ப்போம் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு, அதற்கான அட்டை கையில் இல்லாவிட்டாலும், அரசு மருத்துவமனையில் இச்சிகிச்சை இலவசம் என்று சட்டமே வெளிப்படையாகக் கூறியிருந்தும் வாசலில் அட்டையைக் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி நேர்ந்தால் மருத்துவமனைத் தலைமை அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தீர்வு இல்லையெனில், இத்தகைய புகார்களை விசாரிக்க 2017 சட்டம் ஏற்படுத்திய மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகலாம்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால் இந்தத் தாள்கள் எதற்காகவும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணில், அதாவது அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவித் தொலைபேசியில், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். உடனிருப்பவர் அவரைத் தனியே விடாமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சித் தற்கொலை முயற்சியையே மறைக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதித் தண்டனையிலிருந்து விலக்குகிறது. நடந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.