சென்ட்டுக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

ஊரில் அளவுக்கல் நட ஆரம்பித்ததும் டீக்கடையில் முதலில் எழுகிற கேள்வி சென்ட்டுக்கு எவ்வளவு தருவார்கள் என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கும் முன்னால், இந்தத் திட்டத்தால் ஊர் இழக்கப் போவது பெரிதா, கிடைக்கப் போகும் நன்மை பெரிதா என்று அரசே கணக்குப் பார்த்தாக வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தக் கணக்குக்குப் பெயர் சமூகத் தாக்க மதிப்பீடு. இதற்கு முன்பிருந்த 1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்படி ஒரு கட்டமே கிடையாது.

சட்டத்தின் 4ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. பொதுத் தேவைக்கென்று நிலம் எடுக்க நினைத்தால் ஊராட்சியையோ நகராட்சியையோ கலந்து பேசி ஆய்வைத் தொடங்க வேண்டும், தொடங்கிய 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். எத்தனை குடும்பம் பாதிக்கப்படும், அதில் எத்தனை பேர் வீட்டை விட்டே போக நேரும், கேட்கிற பரப்பு உண்மையிலேயே குறைந்தபட்சத் தேவைதானா, வேறு இடம் பார்த்தார்களா, பார்த்து ஏன் ஒத்துவரவில்லை என்பதெல்லாம் அறிக்கையில் வர வேண்டும். முக்கியமான இன்னொன்று, பாதிப்புகளைச் சரிசெய்ய ஆகும் செலவையும் சேர்த்துத் திட்டத்தின் மொத்தச் செலவைப் பார்த்து அதை நன்மையோடு ஒப்பிட வேண்டும்.

இழப்பு என்றால் பட்டா நிலம் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆடு மாடு தண்ணீர் குடிக்கிற குட்டை, மேய்ச்சல் நிலம், குடிநீர் ஆதாரம், ரோடு, பஸ் வசதி, ரேஷன் கடை, தபால் நிலையம், அங்கன்வாடி, பள்ளிக்கூடம், கோயில், சுடுகாடு, இடுகாடு என்று சட்டமே பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறது. அப்புறம், ‘பாதிக்கப்படும் குடும்பம்’ என்பதில் நிலமே இல்லாதவர்களும் வருகிறார்கள். அந்த நிலத்தில் கூலி வேலை செய்பவர், குத்தகைக்கு உழுபவர் போன்றவர்கள், நிலம் எடுப்பதற்கு முன் 3 ஆண்டுகளாக அங்கேதான் பிழைத்தார்கள் என்றால், கணக்கில் சேர வேண்டியவர்கள். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் பத்திரம் கையில் இல்லாதவர்களுடைய இழப்பைத்தான் நாம் எல்லோரும் முதலில் மறந்துவிடுகிறோம்.

பாதிக்கப்படும் பகுதியிலேயே கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தி, அங்கே மக்கள் சொன்னதைப் பதிவு செய்து அறிக்கையில் சேர்க்க வேண்டும். அறிக்கையை உள்ளூர் மொழியில் வெளியிட வேண்டும். பிறகு அது ஒரு நிபுணர் குழுவிடம் போகும். அரசு சாராத சமூக அறிவியலாளர் 2 பேர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் 2 பேர், மறுவாழ்வு நிபுணர்கள் 2 பேர், துறை சார்ந்த தொழில்நுட்ப நிபுணர் ஒருவர். நன்மையைவிட சமூக இழப்பு அதிகம் என்று குழு கருதினால், திட்டத்தை உடனே கைவிடச் சொல்லிக் காரணங்களோடு எழுதிக் கொடுக்க வேண்டும், அதுவும் குழு அமைந்த 2 மாதத்துக்குள்.

சரி, குழு வேண்டாம் என்றால் திட்டம் நின்றுவிடுமா? கட்டாயம் இல்லை. அரசு அதையும் மீறிப் போகலாம், ஆனால் ஏன் மீறுகிறோம் என்று எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். இது போதாது என்பது என் கருத்து. ஆனாலும் பின்னால் நீதிமன்றம் போகிறவர்களுக்கு அந்தக் காகிதம் கைகொடுக்கும்.

இதைவிடப் பெரிய ஓட்டை விதிவிலக்குகளில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ் நிலம் எடுத்தால் இந்த மதிப்பீடு கிடையாது, சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் எடுக்க முனைந்தது அந்தச் சட்டத்தில்தான். தமிழ்நாட்டில் மாநில நெடுஞ்சாலை, தொழில் தேவை, ஆதிதிராவிடர் நலம் ஆகியவற்றுக்கான மூன்று மாநிலச் சட்டங்களும் இதற்கு வெளியே நிற்கின்றன. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் இவற்றைச் செல்லாதென்றது. அதே ஆண்டு மாநில அரசு இவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுக்கும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது, 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அவசரப் பிரிவில் எடுத்தாலும் மதிப்பீட்டைத் தவிர்க்க முடியும்.

அதனால் நோட்டீஸ் வந்தவுடன் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். 2013 சட்டம் என்றால், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போவதற்கு முன்பே உங்கள் ஊர்க் குட்டை, மேய்ச்சல் நிலம், வண்டிப்பாதை, குத்தகைக்காரர்கள், கூலி வேலைக்கு வருகிறவர்கள் எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு எழுதி, கூட்டத்தில் எழுத்தாகக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது அறிக்கையில் ஏறாமல் போனால் நிரூபிப்பது கஷ்டம். நிபுணர் குழு அறிக்கையைப் பரிசீலித்த தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்து 12 மாதத்துக்குள் நிலம் எடுக்கப் போவதாக அரசு வெளியிடும் முதல்நிலை அறிவிப்பு வராவிட்டால், அரசு கால நீட்டிப்பு தராத வரை, அந்த அறிக்கை காலாவதி ஆகிவிடும், புதிதாக ஆய்வு செய்துதான் தொடர முடியும்.