பன்னிக்கு வெச்ச குறி ஆளு மேல பட்டா: துப்பாக்கி லைசென்ஸ் வெச்சிருக்கவங்க தெரிஞ்சுக்க வேண்டியது

காட்டுப்பன்னி ஒரே ராத்திரில மரவள்ளிய பூரா நோண்டிப் போட்டுட்டு போயிடுது, துப்பாக்கி லைசென்ஸ் எடுத்தா சுட்டுடலாம்ல ன்னு கேக்குறவங்களுக்கும், இருட்டுல தெரியாம ஆளு மேல பட்டா அது விபத்து தானே, கேஸ் நிக்காது ன்னு நம்பிட்டு இருக்கவங்களுக்கும் சேர்த்து தான் இது. ரெண்டு பேரும் நினைக்கிறது பாதி தான் சரி, மீதிப் பாதியில தான் ஜெயில் இருக்கு.

முதல்ல லைசென்ஸ் பத்தி. நம்ம நாட்டுல இதுக்கு 1959-ம் வருஷ ஆயுதச் சட்டமும் 2016-ம் வருஷ விதிகளும் தான். பயிர் பாதுகாப்புக்குன்னு கேட்டா சட்டம் முதல்ல கை காட்டுறது குழல் வாய் வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிய, அதாவது லைசென்ஸ்ல எஸ்பிஎம்எல் ன்னு எழுதுவாங்களே, அது. அது பத்தாதுன்னு அதிகாரிக்கு தோணுச்சுன்னா மட்டும் 20 இன்ச்சுக்கு குறையாத, உள்பக்கம் வழவழப்பான குழல் உள்ள வேற துப்பாக்கி கொடுக்கலாம், 13-வது பிரிவுலயே இது இருக்கு. வயசு 21 ஆகியிருக்கணும். மனு ஏ-1 படிவம், மாவட்டத்துல கலெக்டர், சென்னை மாதிரி சிட்டில போலீஸ் கமிஷனர். உங்க ஏரியா ஸ்டேஷன்ல இருந்து ரிப்போர்ட் வாங்கித் தான் முடிவு பண்ணுவாங்க. முடியாதுன்னு சொன்னா காரணத்த எழுத்துல கேக்கலாம், அப்பீலும் போகலாம், ஆபீஸ்ல "இல்லப்பா" ன்னு வாயால சொன்னத கேட்டுட்டு திரும்பி வந்துடாதீங்க.

2019-ல சட்டத்த திருத்துனப்போ லைசென்ஸ் காலம் 3 வருஷத்துல இருந்து 5 வருஷம் ஆச்சு, ஒருத்தர் வெச்சுக்கக்கூடிய துப்பாக்கி 3-ல இருந்து 2 ஆச்சு. தேதி முடிஞ்ச லைசென்ஸோட துப்பாக்கிய வீட்ல வெச்சிருக்கிறது லைசென்ஸே இல்லாம வெச்சிருக்கிற மாதிரி தான் பாப்பாங்க, புதுப்பிக்க விட்டுப்போச்சுன்னா முதல் வேலையா ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைச்சிடணும். தாத்தா காலத்து துப்பாக்கி பரண்ல கிடக்குன்னு சொல்ற வீடுங்க நிறைய, அதுவும் இதே கணக்கு தான், தாத்தா பேர்ல இருந்த லைசென்ஸ் பேரனுக்கு தானா வராது. லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா குறைஞ்சது 2 வருஷம், 5 வருஷம் வரைக்கும் போகும். பட்டறையில சொல்லி அடிச்சு வாங்குறாங்க பாருங்க, அந்த அடிச்சுக் கொடுக்கிற ஆளுக்கு 7 வருஷத்துல ஆரம்பிச்சு ஆயுள் வரைக்கும் இருக்கு.

சரி, லைசென்ஸ் கையில வந்தாச்சு. இப்போ பன்னிய சுடலாமா? முடியாது. நிறைய பேர் சறுக்குறது இங்க தான். துப்பாக்கி லைசென்ஸ் துப்பாக்கி வெச்சுக்க மட்டும் தான், மிருகத்த கொல்றதுக்கு அனுமதி கொடுக்கிறது 1972-ம் வருஷ வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். அதுல காட்டுப்பன்னி ரெண்டாவது அட்டவணை, மயில் முதல் அட்டவணை. பயிருக்கோ உயிருக்கோ ஆபத்துன்னா ரெண்டாவது அட்டவணை விலங்க கொல்ல தலைமை வனவிலங்கு காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த ஆபீசரோ எழுத்துல அனுமதி தரலாம், அது இல்லாம சுட்டா வேட்டை தான், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்லன்னா ரெண்டுமே. மயில சுட்டா குறைஞ்சதே 3 வருஷம், 7 வரைக்கும் போகும்.

இதுல மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேற. கேரளாவுல 2022-ல இருந்து பஞ்சாயத்து தலைவருக்கே அந்த அதிகாரத்த கொடுத்துட்டாங்க, லைசென்ஸ் வெச்சிருக்கவர வெச்சு சுடலாம், ஆனா விஷம், வெடி, கரண்ட் கூடாது. தமிழ்நாட்ல 2025 ஜனவரில வந்த அறிவிப்பு அப்படி இல்ல. காட்டு எல்லையில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது, 1-ல இருந்து 3 வரைக்கும் கூண்டு வெச்சு பிடிச்சு காட்டுல விடுறது, 3-ஐ தாண்டி வந்தா சுடலாம், அதுவும் வனத்துறை ஆளுங்க தான். அங்க பக்கத்து ஊர்ல சுடுறாங்களே ன்னு பாலக்காட்ட பாத்துட்டு பொள்ளாச்சில தூக்கிட்டு கிளம்பாதீங்க. முறையான அனுமதியோட சுட்டா கூட அந்த கறி உங்களுது இல்ல, அரசாங்க சொத்து. அவுட்டுக்காய்க்கு, அதாவது கடிச்சா வெடிக்கிற மாதிரி தீனிக்குள்ள வைக்கிற நாட்டு வெடிக்கு, எந்த காலத்துலயும் எந்த ஆபீஸ்லயும் அனுமதி கிடையாது, மாடு கடிச்சு வாய் கிழிஞ்சு நிக்கிறத பாத்தவங்களுக்கு ஏன்னு சொல்ல வேண்டியதில்ல.

இப்போ விபத்து கதைக்கு வருவோம். ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 18-வது பிரிவு, பழைய ஐபிசில 80, விபத்துக்கு விலக்கு உண்டுன்னு தான் சொல்லுது. ஆனா அதோட வாசகத்த முழுசா படிக்கணும்: சட்டப்படியான காரியத்த, சட்டப்படியான முறையில, சட்டப்படியான வழியில, உரிய கவனத்தோட செஞ்சுட்டு இருக்கும்போது, கெட்ட எண்ணமோ தெரிஞ்சு செஞ்சதோ இல்லாம நடந்திருக்கணும். இத்தன நிபந்தனையும் ஒண்ணா நிக்கணும். அனுமதி இல்லாம ராத்திரி ஹெட்லைட்ட கட்டிட்டு மான் தேடிப் போனவரு முதல் நிபந்தனையிலயே மாட்டிக்குவாரு. பகல்ல அனுமதியோட போனவரு புதர் அசைஞ்ச உடனே சுட்டிருந்தா கவனம்ங்கிற இடத்துல மாட்டுவாரு. விபத்துன்னே கோர்ட்டு ஒத்துக்கிட்டாலும் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கான கேஸ் தனியா ஓடிட்டு தான் இருக்கும்.

தப்பிச்சவங்களும் இருக்காங்க. 1978-ல ஒரிசா ஐகோர்ட் பாத்த ஒரு கேஸ்ல சோளக்காட்டுக்கு காவல் இருந்தவரு கரடின்னு நினைச்சு அம்பு விட்டாரு, பட்டது அங்க ஒளிஞ்சிருந்த ஆளு மேல, நல்லெண்ணத்துல நடந்ததுன்னு விடுவிச்சாங்க. இத காட்டி தைரியம் சொல்ற ஆளுங்க உண்டு. அவரு சொந்த காட்டுக்கு காவல் இருந்தவரு, நடந்த சூழ்நிலைய பாத்து கோர்ட்டு நம்புச்சு, அவ்ளோ தான், உங்க கேஸ்ல அதே நடக்கும்னு எழுதி வெச்சிருக்கா என்ன.

கவனக்குறைவால உயிர் போனா அதே நியாய சன்ஹிதாவுல 106-வது பிரிவு, 5 வருஷம் வரைக்கும், பழைய 304ஏ-ல இது 2 வருஷமா இருந்துச்சு. ஆளு நடமாட்டம் இருக்கும்னு தெரிஞ்சே சுட்டதா போலீஸ் எடுத்துக்கிட்டா 105, அங்க 10 வருஷம் வரைக்கும். உயிர் போகல, பலத்த காயம்னா 125-ல 3 வருஷம் வரைக்கும். யார் மேலயும் படலன்னா கூட, மத்தவங்க உயிருக்கு ஆபத்து வர மாதிரி அலட்சியமா சுட்டதுக்கு ஆயுதச் சட்டம் 25(9)-ல 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்லன்னா ரெண்டுமே, கல்யாண வீட்ல வானத்த பாத்து சுடுறதும் இதுல தான் வரும். கூட போனவங்க பயத்துல உடம்ப தூக்கி பள்ளத்துல போடுறது, துப்பாக்கிய குளத்துல எறியுறது இதெல்லாம் சாட்சிய மறைச்ச குத்தம், நியாய சன்ஹிதா 238. சுடாத ஆளும் ஜெயிலுக்கு போறது இப்படி தான். முதல்ல 108-க்கு போன் போடுங்க, அந்த அரை மணி நேரத்துல உயிர் பிழைக்கலாம், பிழைச்சா கேஸோட பிரிவே மாறும்.

உரிய கவனம்னா என்னன்னு கோர்ட்டு கேக்குற இடத்துல உங்க கை பழக்கம் தான் பேசும். 2016 விதிகள்ல பாதுகாப்பு பயிற்சி பத்தி தனியாவே இருக்கு, கையாளுறது, தூக்கிட்டு போறது, பூட்டி வைக்கிறது எல்லாம் பாடத்துல வரும். வாய் வழியா கெட்டிக்கிற நாட்டுத்துப்பாக்கில சிக்கல் என்னன்னா கெட்டிச்ச மருந்த சுலபமா வெளிய எடுக்க முடியாது, அதனால கெட்டிச்சபடியே சுவத்துல மாட்டி வெச்சுடுவாங்க, மருந்த பத்த வைக்கிற கேப்பும் மேலயே இருக்கும், ஆணில இருந்து நழுவி விழுந்தா போதும். கேப்ப எடுத்துட்டு அதையும் மருந்தையும் துப்பாக்கியையும் வேற வேற இடத்துல பூட்டி வைங்க. ஏற்கனவே கெட்டிச்சிருக்கா ன்னு தெரியாம மேல மறுபடியும் கெட்டிச்சா குழல் வெடிச்சு சுடுறவன் முகத்துலயே அடிக்கும், கெட்டிக்கிற குச்சியில காலி குழலோட ஆழத்துக்கு ஒரு கோடு போட்டு வெச்சுக்கிட்டா குச்சிய விட்டு பாத்தாலே தெரிஞ்சிடும். கேப்பு அடிச்சும் மருந்து பத்தலன்னா உடனே திருப்பிப் பாக்காதீங்க, குழல ஆளில்லாத பக்கம் பிடிச்சபடியே ஒரு நிமிஷமாவது நில்லுங்க, தாமதமா வெடிக்கும்.

வேலி தாண்டும்போதும் மரம் ஏறும்போதும் கேப்பு மேல இருக்கவே கூடாது. இருட்டுல ரெண்டு கண்ணு மின்னுறத மட்டும் வெச்சு சுடாதீங்க, மாட்டுக்கும் நாய்க்கும் கூட கண்ணு மின்னும். முழு உருவம் தெரியணும், அதுக்கு பின்னாடி என்ன இருக்குன்னும் தெரியணும், பால்ரஸ் குண்டு, அதாவது பேரிங்ல வர்ற இரும்பு உருண்டை, பாறையில பட்டா எந்த பக்கம் திரும்பும்னு யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு போறது தான் எல்லாத்தையும் விட மோசம். தண்ணி போட்டுட்டு போறவங்ககிட்ட பேசி பிரயோஜனம் இல்ல.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒரு விஷயம். சுட்டவங்க யாருன்னு கண்டுபிடிக்க முடியலன்னா கூட, கேஸ் கோர்ட்டுக்கு போகலன்னா கூட, பழைய சிஆர்பிசிக்கு பதிலா வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 396-வது பிரிவுல இழப்பீடு கேக்கலாம். மனு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு, பெரும்பாலும் கோர்ட்டு வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும், பணம் கட்ட வேண்டியதில்ல, வக்கீலும் அங்கயே கொடுப்பாங்க. எஃப்ஐஆர் காப்பி, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இல்ல காயச் சான்று, வாரிசு சான்று எடுத்துட்டு போங்க, மனு வாங்குன 2 மாசத்துக்குள்ள அவங்க விசாரணைய முடிச்சாகணும்.