ஹை-ஹேட் என்னும் மிதிதாளம்

வேலூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழு மேடையேறும்போது, டிரம்ஸ் வாசிப்பவரின் இடது காலருகே ஒரு தாங்கி நிற்பதைப் பார்க்கலாம். அதன் உச்சியில் இரண்டு வெண்கலத் தட்டுகள், பெரும்பாலும் 14 அங்குல விட்டத்தில், ஒன்றையொன்று முகம் பார்த்தபடி இருக்கும். மிதித்தால் மேல்தட்டு இறங்கிக் கீழ்த்தட்டோடு சேரும். காலைத் தளர்த்தினால் விலகும். இதற்குப் பெயர் ஹை-ஹேட். சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘உயர்தொப்பி’ என்று எழுதினால் எந்த வாத்தியக்காரருக்கும் அது விளங்காது. விளங்காததோடு, பெயரின் வரலாறும் அதில் தொலைந்துபோகும்.

அந்த வரலாறு 1920-களின் அமெரிக்காவில் நடந்தது. கை இரண்டும் முரசுகளில் இருக்க, சும்மா கிடக்கும் காலுக்கு வேலை கொடுக்கவே இந்தக் கருவி பிறந்தது. முதலில் தட்டுகள் கணுக்கால் உயரத்தில்தான் இருந்தன. அந்த வடிவத்துக்கு ‘லோ-பாய்’ என்று பெயர். அவ்வளவு தாழ்வில் இருப்பதைக் குச்சியால் தட்டுவது எப்படி? பத்தாண்டின் இறுதிக்குள் நடுக்குழாயை நீட்டித் தட்டுகளைக் கைக்கு எட்டும் உயரத்துக்கு ஏற்றினார்கள். ‘லோ’வுக்கு எதிராக ‘ஹை’ வந்து ஒட்டிக்கொண்டது. அதாவது, பெயரிலுள்ள உயரம் பழைய கருவியை மனத்தில் வைத்துச் சொன்னது. பழையது மறைந்த பிறகு அந்த அடைமொழிக்கு வேலையில்லை. பிரெஞ்சுக்காரர்கள் தொப்பியையும் உயரத்தையும் விட்டுவிட்டு, அக்கால நடனத்தின் பெயரால் ‘சார்ல்ஸ்டன்’ என்று இன்றும் அழைக்கிறார்கள். 1930-களில் கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ், பாட்டின் காலக்கணக்கைப் பெருமுரசிலிருந்து இந்தத் தட்டுகளுக்கு மாற்றியபின், கருவிக்கு வேறு மதிப்பு வந்துவிட்டது.

இனி தமிழுக்கு வருவோம். தோல், துளை, நரம்பு என்று கருவிகளைப் பிரித்த நம் மரபு, உலோகத்தால் ஆனவற்றைக் கஞ்சக்கருவி என்றது. கஞ்சம் என்றால் வெண்கலம். தாளம், கைத்தாளம், சிங்கி, ஜால்ரா, பிரம்மதாளம் எல்லாம் இந்தக் குடும்பம். இவற்றில் பலவற்றை நாம் பழமொழிப் பேச்சில் பாழாக்கிவிட்டோம். முகத்துதி செய்பவன் ஜால்ரா அடிக்கிறான், வறுமைப்பட்டவன் சிங்கியடிக்கிறான், சாப்பாட்டுக்கு வழியில்லாதவன் சோற்றுக்குத் தாளம் போடுகிறான். வெண்கலம் தட்டியவர்களுக்குத் தமிழ்ச் சமூகம் தந்த கூலி என்ன என்பதை இந்த வழக்குகளே சொல்லும். மரியாதை குறையாமல் தப்பியது கைத்தாளம்தான். ‘பேரோசையுள்ள கைத்தாளங்களோடும் அவரைத் துதியுங்கள்’ என்று 150-ஆம் சங்கீதத்தில் வருவதைத் தேவாலயப் பாடற்குழுவில் வாசிக்கும் இளைஞர்கள் அறிவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மூத்த சொல் பாண்டில். சங்க நூலான மலைபடுகடாத்தின் தொடக்கத்தில், கூத்தர் சுமந்துவரும் கருவிகளின் வரிசையில் ‘நுண்ணுருக்கு உற்ற விளங்கு அடர்ப் பாண்டில்’ என்று வருகிறது. நன்றாக உருக்கி, தகடாகத் தட்டிய, பளபளக்கும் வட்டத் தாளம் என்பது பொருள். அடர் என்றால் தகடு. டிரம்ஸ் வாசிப்பவர் தட்டும் வெண்கலத் தட்டுகளான சிம்பல்களில் உயர்ந்தவை இன்றும் இப்படித்தான் உருவாகின்றன: ஏறக்குறைய 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் சேர்த்து உருக்கி, தகடாக்கி, சுத்தியலால் தட்டுகிறார்கள். அந்தக் கூத்தர் யாரைத் தேடிப் போனார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் இனிப்பு. செங்கண்மாவின் தலைவன் நன்னனை. அந்த ஊர்தான் இன்றைய செங்கம். 1989-இல் மாவட்டம் பிரியும்வரை வேலூரைப் போலவே வட ஆற்காட்டைச் சேர்ந்தது. சேயாற்றங்கரைப் பாட்டில் கிடக்கும் சொல்லை விட்டுவிட்டு நாம் ‘சிம்பல்’ என்கிறோம். அதுவும் கிண்ணம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிளைத்ததுதான்.

ஆகவே சிம்பலுக்குப் பாண்டில் பொருந்தும். ஹை-ஹேட்டுக்கு? ‘இணைத்தாளம்’ என்றால் சிங்கியும் இணைதானே என்று கேள்வி வரும். மற்ற தாளங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது கால். மிதிவண்டி என்ற சொல் பழகிவிட்ட மொழியில் ‘மிதிதாளம்’ உறுத்தாது. தாளம் என்பது ஆதிதாளம், ரூபகதாளம் போன்ற கணக்கையும் குறிக்குமே என்று சிலர் தயங்கலாம். புரிசைப் பக்கத்துத் தெருக்கூத்தில் முகவீணைக்கும் ஆர்மோனியத்துக்கும் பக்கத்தில் ‘தாளம்’ என்றால் கையிலிருக்கும் வெண்கலத்தைத்தான் சொல்கிறார்கள், யாரும் குழம்புவதில்லை.

கால்தான் இதன் உயிர் என்பது வேகமாக வாசிக்கும்போது தெரியும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஒவ்வோர் அடிக்குள்ளும் ‘தகதிமி’ என நான்கு தட்டு வைத்தால், நொடிக்கு 8 தட்டு. இரு கையையும் மாற்றி மாற்றித் தட்டினால் ஆளுக்கு நான்கு, எளிது. ஆனால் வலது கை ஸ்னேர் என்னும் சிறுமுரசுக்குப் போகும் இடத்தில் தட்டின் ஓசை ஒன்று விடுபடும். ஒற்றைக் கையால் வாசிப்பவருக்கு அந்த ஓட்டை விழாது. மணிக்கட்டுதான் சீக்கிரம் இறுகிவிடும். அதற்குத் துணை, டிரம்ஸ் ஆசிரியர் சான்ஃபோர்ட் மோலரின் பெயரால் வழங்கும் சாட்டை வீச்சு. கை இறங்கும்போது குச்சியின் நடுப்பகுதி தட்டின் விளிம்பில் அழுத்தமாக விழும். மணிக்கட்டு எழும்பும்போது குச்சியின் நுனி மேற்பரப்பில் மெல்லத் தொடும். ஒரு வீச்சுக்கு இரண்டு தட்டு என்பதால், கை நொடிக்கு நான்கு முறை அசைந்தால் போதும். மணிக்கட்டால் தள்ளி விரல்களால் இழுக்கும் முறையும் உண்டு.

எந்த முறையானாலும் மிதியின் அழுத்தம் மாறக்கூடாது. பாதம் சற்றே தளர்ந்தாலும் தட்டுகள் உரசி, ‘டிக்’ என்று வெட்ட வேண்டிய ஓசை ‘சஷ்’ என்று இழுபடும். எட்டுத் தட்டும் ஒரே இரைச்சலாகிவிடும். கை ஓடவில்லை என்று புலம்பும் மாணவரின் காலைத்தான் ஆசிரியர் முதலில் பார்க்க வேண்டும்.

குறியீட்டிலும் கால்தான் பேசுகிறது. இசைத்தாளில் இந்தத் தட்டுக்கான குறியின் மேல் சிறு வட்டம் எழுதியிருந்தால் திறந்து வாசிக்க வேண்டும், கூட்டல் குறி இருந்தால் மூடி வாசிக்க வேண்டும். தமிழில் ‘திறந்த மிதிதாளம்’, ‘மூடிய மிதிதாளம்’ என்று எழுதலாம்.