5 கிலோ கொடுவாவைத் தூக்கும் முன்

உவர்நீர் மீன்குஞ்சு பொரிப்பகத்தில் தாய் மீன்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முட்டுக்காடு பக்கம் பொழுதுபோக்காகத் தூண்டில் போடும் தம்பிகள், கொடுவா மாட்டினால் படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். போன மாதம் வந்த மீன் 7 கிலோ இருக்கும். செவுளில் கயிறு கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அடுத்த படத்தில் அறுத்த வயிறு. இரண்டு பக்கமும் சாண் நீளத்துக்குச் சினை. பார்த்ததும் மனசு கனத்துவிட்டது.

கொடுவா முதலில் ஆணாக முதிரும். சில ஆண்டுகள் கழித்து அதே மீன் பெண்ணாக மாறும். இனப்பெருக்கத் துளைக்குள் மெல்லிய குழாய் விட்டுச் சோதித்தால் 2, 3 கிலோ மீன்களில் பெரும்பாலும் விந்துதான் வரும். 4 கிலோவைத் தாண்டியவற்றில் பெரும்பாலும் முட்டை. ஒரு தாய் லட்சக்கணக்கில் முட்டையிடும். அந்த வயதுக்கு வர எத்தனை வலை, எத்தனை முள் தப்பியிருக்கும்!

வளர்வது கழிமுகத்திலும் ஆற்றிலும்தான். ஆனால் முட்டைக்கு உப்பு வேண்டும். அதனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி முகத்துவாரத்துக்கு இறங்கி வந்து, பொழுது சாய்ந்தபின் முட்டையிடும். நாமும் அதே நாள்களில்தான் தூண்டிலோடு போய் நிற்கிறோம். மற்ற நேரங்களில் பாலத் தூண் நிழலிலோ அலையாத்தி வேர் ஓரத்திலோ அசையாமல் காத்திருக்கும். நீரோட்டத்தில் வரும் மடவைக் குஞ்சை ஒரே இழுப்பில் உறிஞ்சும்போது ‘பொளக்’ என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே இரவெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 செ.மீ.க்குக் குறைந்த கொடுவாவையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் எடுக்கக்கூடாது. குஞ்சுக்கும் காவல், தாய்க்கும் காவல். நாம் நமக்கே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: 2 கிலோ மீன் குழம்புக்கு, 4 கிலோவுக்கு மேல் தண்ணீருக்கு.

சரி, எப்படி விடுவது? தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியை, அதாவது மீன் நழுவாமல் தடுக்கும் சின்னக் கூரை, குறடால் முன்பே நசுக்கிவிடுங்கள். மீனைக் கரை மணலில் புரட்ட வேண்டாம். மேலே உள்ள வழவழப்பு போனால் புண் பிடிக்கும். நனைத்த துணியால் கண்ணை மூடினால் அடங்கிவிடும், நாங்களும் அதைத்தான் செய்கிறோம். செவுள் மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி, விரல் பத்திரம். படம் எடுப்பதென்றால் வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுங்கள். அப்புறம் தண்ணீருக்குள் வைத்து, தலையை நீரோட்டத்தை நோக்கித் திருப்பி, வால் அடித்து அதுவாகவே கையை உதறும்வரை பிடித்திருங்கள்.