மீன் பிழைத்தால் இறாலும் பிழைக்கும் என்று யார் சொன்னது?

"மீன்கள் நன்றாகத்தானே நீந்துகின்றன டாக்டர், இறால் மட்டும் ஏன் செத்தது?"

நீர்வாழ் உயிரினங்களுக்கு வைத்தியம் பார்க்கும் என்னிடம் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. அண்மையில் கேட்டவர் பினாங்கின் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றில் வசிக்கும் பெரியவர். செபராங் பிறை வயல் வாய்க்காலில் பிடித்த இறால்களைப் பொறுமையாக வளர்த்து, குஞ்சு பொரிக்க வைத்து, பெருக்கியிருந்தார். ஒரே மாலையில் எல்லாம் மல்லாந்துவிட்டன. கூட இருந்த கப்பி மீன்கள் ஒன்றும் ஆகாமல் சுற்றிக்கொண்டிருந்தனவாம். அதனால் தண்ணீரில் குறையில்லை என்று அவரே முடிவுகட்டி, "ஏதோ கிருமி, மருந்து கொடுங்கள்" என்று வந்து நின்றார். அன்று பிற்பகல் அவர் மாடியில் டிங்கிக்காகப் புகை அடித்திருக்கிறார்கள். நான் துருவிக் கேட்ட பிறகுதான் அது வெளியே வந்தது. வந்தபோதும், "அது கொசுவுக்கு அடித்தது டாக்டர்" என்ற விளக்கத்தோடுதான் வந்தது.

கொசுவுக்கு அடித்ததுதான் ஐயா. அதனால்தான் இறால் செத்தது.

இதை எத்தனை முறை சொன்னாலும் மனத்தில் பதிவதில்லை என்பதால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் வாழ்வதால் இறாலை மீன் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். கடைக்காரர் ஒரே பையில் போட்டுக் கொடுக்கிறார், நாமும் ஒரே தொட்டியில் கொட்டுகிறோம், ஒரே மருந்தை ஊற்றுகிறோம். ஆனால் மீன் முதுகெலும்புள்ள உயிர். இறால் கணுக்காலி. கொசு, கரப்பான், எறும்பு, உண்ணி, நண்டு, இறால் எல்லாம் ஒரே பெருங்குடும்பம். மேலே ஓடு, கணுக்கணுவாய்க் கால்கள், வளர வேண்டுமென்றால் ஓட்டைக் கழற்ற வேண்டிய கட்டாயம், எல்லாம் ஒரே அமைப்பு. மீன் அந்தக் குடும்பத்தில் இல்லை. உறவு என்று பார்த்தால் மீன் உங்களுக்கும் எனக்கும்தான் நெருக்கம். ஆகவே கொசுவின் நரம்பைத் தாக்குவதற்கென்றே செய்த மருந்து, இறாலின் நரம்பையும் அதே வழியில்தான் தாக்கும். புகைமருந்திலும் வீட்டுக் கொசுமருந்துகளிலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. அது மீனுக்கும் நஞ்சுதான். ஆனால் மீன் தாக்குப்பிடிக்கும் அளவில் ஒரு சிறு பங்கே இறாலைச் சாய்க்கப் போதும். எனவே மீன் பிழைத்திருக்கிறது என்பது தண்ணீர் நல்லது என்பதற்குச் சான்றே ஆகாது. அதற்குமேல், மீன்தொட்டியைப் பார்த்து இறாலுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. இறால் தொட்டி என்றால் பெரும்பாலும் பஞ்சு வடிகட்டிதான் வைப்போம். குஞ்சு உறிஞ்சப்படாது, பஞ்சின்மேல் மேய்வதற்கும் வசதி. நல்ல ஏற்பாடுதான், நானே அதைத்தான் பரிந்துரைக்கிறேன். அந்தப் பஞ்சை இயக்குவது காற்று பம்ப். காற்று பம்ப் எங்கிருந்து காற்றை இழுக்கிறது? உங்கள் வரவேற்பறையிலிருந்து. அறையில் புகை நிறைந்திருக்கும்போது பம்ப் ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் புகையைக் குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் நீங்களே ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். தொட்டிக்கு மூடி இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இது ஏனோ தோன்றுவதே இல்லை.

புகையடிப்பதைத் தடுக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டிங்கி உயிர் குடிக்கும் நோய். 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் அதிகாரிகளுக்கு வீட்டுக்குள் வந்து நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு வாதாடாதீர்கள். தொட்டியைப் பாருங்கள். காற்று பம்பை நிறுத்துங்கள். தொட்டியை நெகிழித் தாளால் முழுவதும் மூடி ஓரங்களை ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள், மேலே ஈரத்துண்டு போடுங்கள். நீருக்குள் மூழ்கி ஓடும் சிறிய மோட்டார் இருந்தால் அதை ஓடவிடலாம், அது காற்றை இழுப்பதில்லை. புகை அடங்கியதும் சன்னல்களைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, வாசனை போன பிறகு மூடியின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுத் திறங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசிய பிறகே தொட்டிக்குள் விடுங்கள். மூடிய நிலையில் மணிக்கணக்கில் விட்டுவிடவும் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் தண்ணீரில் உயிர்வளி குறைவு, நெருக்கமாக வளர்ப்பவர்களுக்கு அது வேறொரு ஆபத்து.

மூட மறந்துவிட்டீர்கள், இறால்கள் தாறுமாறாகப் பாய்ந்து, பக்கவாட்டில் விழுந்து கால் உதறுகின்றன என்றால், யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். அதே வெப்பநிலையில் உள்ள, குளோரின் நீக்கிய சுத்தமான தண்ணீருக்கு உடனே மாற்றுங்கள். பழைய தொட்டியில் தண்ணீரை மாற்றுங்கள், நஞ்சை உறிஞ்சும் செயல்படுத்திய கரி போடுங்கள், பஞ்சைத் தூக்கி எறியுங்கள். இந்த நஞ்சு பஞ்சிலும் அடிமண்ணிலும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் கழித்துப் புது இறாலை வாங்கிவிட்டு, "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்று சொல்பவர்களும் என்னிடம் வருகிறார்கள்.

(எல்லாப் பாய்ச்சலும் நஞ்சினால் வருவதில்லை. பெண் இறால் ஓட்டைக் கழற்றியதும் அதன் வாசனையைத் தேடி ஆண்கள் தொட்டி முழுக்கப் பைத்தியமாகச் சுற்றும். அப்போது அவை நிமிர்ந்தே நீந்தும், கவிழாது. அதைப் பார்த்துப் பயந்துபோய் முழுத் தண்ணீரையும் மாற்றி, அந்த மாற்றத்திலேயே இறாலைக் கொன்றவர்கள் உண்டு.)

புகை வருவது எப்போதாவது. அன்றாட நஞ்சு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கொசுவர்த்தி, சுவரில் செருகும் திரவக் கொசுவிரட்டி, கரப்பான் தெளிப்பான் ஆகியவை தொட்டி இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். சந்தையில் வாங்கிய கீரையை அப்படியே போடாதீர்கள். நன்றாகக் கழுவி, கொதிநீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள், சந்தேகமாக இருந்தால் போடாமலே இருங்கள். பண்ணையிலிருந்து வந்த நீர்ச்செடிகளுக்கும் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். தனி வாளியில் தினமும் தண்ணீர் மாற்றி ஒன்றிரண்டு வாரம் ஊறவைத்துவிட்டுத் தொட்டியில் நடுங்கள். வாசலில் தொட்டி வைத்து வளர்ப்பவர்கள் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மணலைத் தூவுவதும் நடக்கிறது. அதிலுள்ள டெமிபாஸ் இறாலுக்கும் எமன்தான். கொசு முட்டையிடாமலிருக்க நெருக்கமான வலை போட்டு மூடுங்கள், அது போதும்.

அடுத்து செம்பு. மீன் மேல் வெள்ளைப்புள்ளி வந்ததும் கடையில் நீலநிற மருந்து வாங்கி ஊற்றுவார்கள். அப்படிப்பட்ட பல மருந்துகளிலும், நத்தையைக் கொல்லும் மருந்துகளிலும் செம்பு இருக்கும். மீன் குணமாகும், இறால் சாகும். இறாலின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பது செம்பு கலந்த பொருள்தான், ஆகவே உணவில் மிகச் சிறிதளவு செம்பு அதற்குத் தேவை. இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் செம்பு நல்லதுதானே" என்று ஓர் இளைஞர் என்னிடம் வாதாடினார். உணவில் உள்ள துளி வேறு, தண்ணீரில் கரைந்து செவுளை அரிக்கும் செம்பு வேறு தம்பி. புட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். நோய்வாய்ப்பட்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள்.

குளோரின், அமோனியா பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றாதீர்கள், குளோரினை நீக்கிய பிறகு ஊற்றுங்கள். புதுத் தொட்டியில் ஒரு மாதமாவது நல்ல நுண்ணுயிர்கள் நிலைபெற விடுங்கள். கழற்றிய ஓட்டைக் குப்பை என்று எடுத்துவிடாதீர்கள், இறால் அதை மறுபடி தின்று சுண்ணாம்பைத் திரும்பப் பெறும். நம் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர், அதாவது தாது உப்பு குறைந்த நீர் என்பதால் ஓடு கழற்ற முடியாமல் பாதியில் சிக்கிச் சாவதையும் பார்க்கிறேன். கடினத்தன்மையை அளந்து பார்த்துவிட்டுத் தாது உப்பு சேருங்கள், கண்ணை மூடிக்கொண்டு கொட்ட வேண்டாம். மலையோடை இறால்கள் மென்னீருக்கே பழகியவை. அவற்றுக்கு 30 பாகை வெப்பம்தான் பெரிய பாரம். தண்ணீரின் மேற்பரப்பில் சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும்.

இனி, குஞ்சு பொரிக்காததற்கும் நான் மருந்து கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் கூட்டம். "முட்டை சுமக்கிறது, பிறகு காணவில்லை, குஞ்சே இல்லை." இங்கும் அதே கோளாறுதான். கப்பி குட்டி போடுவதைப் பார்த்த கண்ணோடு இறாலைப் பார்க்கிறார்கள். கடையில் விற்கும் சிவப்பு செர்ரி இறால் சீனம், தைவான் பக்கத்தைச் சேர்ந்தது. அது சில பத்துப் பெரிய முட்டைகள் சுமந்து, தாயைப் போலவே உருவம் கொண்ட குஞ்சுகளைப் பொரிக்கும். நம் நாட்டு இறால்கள் எல்லாம் அப்படியல்ல. வயிற்றின்கீழ் முட்டைகளைப் பாருங்கள். சுமார் ஒரு மில்லிமீட்டர் பருமனில் கொஞ்சமாக இருந்தால் நன்னீரிலேயே வளர வாய்ப்பு அதிகம். பொடிப் பொடியாக நூற்றுக்கணக்கில் இருந்தால் அவை மிதக்கும் இளம்புழுக்களாகப் பொரிந்து, ஆற்றோடு கழிமுகம் போய், உப்புக் கலந்த நீரில் வளர்ந்து, மறுபடி மேலேறி வருபவையாக இருக்கலாம். நன்னீர்த் தொட்டியில் அந்தப் புழுக்கள் சில நாளில் செத்துக் கரைந்துவிடும். மீன் தின்னவில்லை, நோயும் இல்லை.

இது பினாங்கிலேயே கண்டறியப்பட்ட உண்மை என்பது பலருக்குத் தெரியாது. சந்தையில் வாங்கும் ஊடாங் காலா, அதாவது பெரிய நன்னீர் இறால், ஏன் குஞ்சு தங்கவில்லை என்ற புதிரை 1961-இல் அவிழ்த்தவர் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் நிபுணர் ஷாவோ வென் லிங். குளுகோரில் இருந்த மீன்வள ஆய்வு நிலையத்தில், இளம்புழுக்களுக்கு உவர்நீர் தேவை என்று அவர் கண்டார். இன்று உலகெங்கும் நடக்கும் நன்னீர் இறால் வளர்ப்புக்கு அதுதான் அடித்தளம். பொரிப்பகங்களில் லிட்டருக்கு ஏறக்குறைய 12 கிராம் உப்பு என்ற அளவில் வைக்கிறார்கள், கடல்நீரில் 35.

நன்னீரிலேயே இனம்பெருக்கிப் பழக விரும்பினால் வயல் இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். அரோவானா மீனுக்குத் தீனியாக மீன்கடையில் பைபையாக விற்கும் அதே கண்ணாடி இறால்தான். அதன் வாழ்க்கைச் சுற்று முழுவதும் நன்னீரில் முடிந்துவிடும். ஆனால் அதுவும் இளம்புழுவாகத்தான் பொரியும், தலைகீழாகத் தொங்கி மிதக்கும். முட்டை கறுத்துக் கண் தெரிந்ததும் தாயைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். பச்சைப் பாசித் தண்ணீரும் புதிதாய்ப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் உயிரியும் கொடுங்கள். வளர்ந்தவை குஞ்சைத் தின்னும் என்பதையும் மறக்காதீர்கள். விசிறிபோன்ற கைகளால் நீரோட்டத்தில் வடிகட்டித் தின்னும் மூங்கில் இறாலை வாங்குவதானால், நல்ல ஓட்டமும் மிதக்கும் தூள் உணவும் கொடுக்க முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அது தரையைக் கிளறிக்கொண்டிருந்தால் சுறுசுறுப்பாக இருக்கிறது என்று பெருமைப்படாதீர்கள். பட்டினி கிடக்கிறது. அதன் குஞ்சுகளுக்கும் உப்புநீர் வேண்டும்.

பிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தெலுக் பகாங்கில் 2003-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் வலையோடு போகாதீர்கள். மற்ற ஓடைகளிலும் முட்டை சுமக்கும் பெண்களை விட்டுவிடுங்கள். காடு அழிந்து ஓடைகள் சுருங்கும் தீவில் ஒவ்வொரு பெண் இறாலும் பெரிது. அதைவிட முக்கியம், தொட்டியில் வளர்த்ததைத் திரும்ப ஓடையில் விடாதீர்கள். பாவம் என்று விடுவதாகச் சொல்கிறார்கள். செர்ரி இறால் ஹவாயிலும் ஜெர்மனியிலும் இயற்கை நீர்நிலைகளில் வேரூன்றிவிட்டது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சிவப்பு நகக் கிரேஃபிஷ் என்ற நன்னீர்ச் சிங்கி இறால் நம் நாட்டிலேயே ஆறு குளங்களில் பெருகியிருக்கிறது. உங்கள் தொட்டி இறாலின் மூக்கில் ஒட்டியிருக்கும் வெண்புழுக்களும் கூடவே போகும். வளர்க்க முடியாவிட்டால் கடையில் கொடுங்கள், நண்பருக்குக் கொடுங்கள், என்னிடம் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இவ்வளவும் செய்து, அப்படியும் செத்தால் கொண்டுவாருங்கள். ஆனால் ஒழுங்காகக் கொண்டுவாருங்கள். செத்து நாறியதைக் காகிதத்தில் சுற்றி வராதீர்கள், அதில் எனக்குத் தெரிய ஒன்றுமில்லை. சாகும் நிலையில் உள்ளதைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பையிலும், தண்ணீரை மட்டும் தனியாகச் சுத்தமான போத்தலிலும் எடுத்து வாருங்கள். இப்போதுதான் செத்தது என்றால் பனிக்கட்டியின்மேல் வையுங்கள், உறையவைக்க வேண்டாம். தொட்டிக்கு ஊற்றிய எல்லாப் புட்டிகளையும் கொண்டுவாருங்கள். கடந்த மூன்று நாளில் உங்கள் வீட்டில் மட்டுமல்ல, பக்கத்து வீட்டிலும் கீழ்மாடியிலும் என்ன தெளித்தார்கள் என்று விசாரித்துவிட்டு வாருங்கள். முதலில் நான் கேட்கப்போவது அதைத்தான்.