ஸ்கோப் என்பது வெறும் அகலமா? சினிமாஸ்கோப்: சொல் விளக்கம்

தர்மபுரி மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போய் ஐம்பது வயதைத் தாண்டிய சினிமா ரசிகரிடம் பேச்சுக் கொடுத்தாலும், பழைய படங்களை அவர் இரண்டாகப் பிரிப்பார். ஒன்று சாதாப் படம், இன்னொன்று ஸ்கோப் படம். ஸ்கோப் என்றால் என்னங்க என்று கேட்டால் "அகலமா இருக்கும்" என்று பதில் வரும். அது பாதி பதில்தான். மீதிப் பாதி நம் பேச்சில் எங்கேயோ விட்டுப்போய்விட்டது, அதனால்தான் இன்றைக்கு 1950களின் ஒரு ஸ்கோப் படத்தை அவ்வளவு பாடுபட்டு மீட்டெடுத்து புளூ-ரே வட்டில் தந்தாலும், வீட்டில் போட்டவுடனே மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று ரிமோட்டில் ஜூமை அமுக்கிவிடுகிறோம்.

சினிமாஸ்கோப் முதலில் பொதுச்சொல்லே அல்ல, ஒரு வணிகப் பெயர். தொலைக்காட்சி வந்து அமெரிக்கத் தியேட்டர்களின் கூட்டத்தைக் குறைத்த காலத்தில், 20த் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் 1953இல் 'தி ரோப்' படத்தோடு இந்தப் பெயரை இறக்கியது. சொல்லைப் பிரித்தால் இரண்டும் கிரேக்கம். கினேமா என்றால் அசைவு, ஸ்கோபெய்ன் என்றால் பார்த்தல், உற்று நோக்கல். டெலஸ்கோப்பிலும் மைக்ராஸ்கோப்பிலும் இருப்பது இதே ஸ்கோப்தான், அவற்றைத் தமிழில் தொலைநோக்கி, நுண்ணோக்கி என்று அழகாக ஆக்கிக்கொண்டோம். நம் தாத்தா காலத்து பயாஸ்கோப்பும் இதே குடும்பம். "இந்தப் படிப்புக்கு நல்ல ஸ்கோப் இருக்கு" என்கிறோமே, அந்த ஸ்கோப் இலக்கு என்ற பொருளில் இத்தாலியன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேர் ஒன்று, வந்த வழி வேறு, பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் சினிமாஸ்கோப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'அசைவுநோக்கி' என்று வரும். அதைக் கேட்டு யாருக்கும் எதுவும் புரியாது, ஏனென்றால் ஃபாக்ஸ் வைத்த பெயரிலேயே அந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. பெயரை விட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும்.

வேலை இதுதான். ஆன்ரி க்ரெத்தியன் என்று ஒரு பிரெஞ்சுக்காரர், அடிப்படையில் வானியல் அறிஞர், ஹபிள் தொலைநோக்கியில் இருக்கும் ஆடி அமைப்புக்கு அவர் பெயரும் சேர்ந்துதான் வழங்குகிறது. அவர் 1920களில் ஹைப்பர்கோனார் என்று ஒரு லென்ஸ் செய்தார். கேமராவுக்கு முன்னால் அதை மாட்டினால் எதிரே இருக்கும் அகலமான காட்சியைப் பக்கவாட்டில் மட்டும் பாதியாக நெருக்கி, வழக்கமான 35 எம்.எம். ஃபிலிமுக்குள் அடக்கிவிடும். உயரத்தைத் தொடாது. அந்த ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஆட்கள் எல்லாரும் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியாக நிற்பார்கள். தியேட்டரில் புரொஜெக்டர் முன்னால் எதிர் லென்ஸ் ஒன்று, அது நெருக்கியதைத் திரும்ப விரித்துத் திரையில் போடும். இந்த வகை லென்சுக்கு அனமார்ஃபிக் என்று பெயர், அதுவும் கிரேக்கம், உருவை மறுபடி அமைப்பது என்று பொருள். கால் நூற்றாண்டு பெரிதாக யாரும் சீண்டாமல் கிடந்த இந்த லென்சைத்தான் ஃபாக்ஸ் 1952 கடைசியில் தேடிப் பிடித்தது.

பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம் பக்கம் ஆபரேட்டர் வேலை பார்த்தவர்களுக்கு இது பாடமே தேவையில்லாத விஷயம். சாதா நியூஸ் ரீல் ஓடி முடிந்து ஸ்கோப் படம் ஆரம்பிக்கும்போது லென்ஸ் மாற்ற மறந்தால், கதாநாயகன் பனைமரம் மாதிரி நீண்டு நிற்பார், தரை டிக்கெட்டிலிருந்து "லென்சைப் போடுய்யா" என்று சத்தம் கிளம்பும். ஆக ஒடுக்கம், விரிவு இரண்டும் சேர்ந்ததுதான் ஸ்கோப் என்பது கொட்டகைக்கு உள்ளே தெரிந்தே இருந்தது, வெளியே போஸ்டரில் அகலம் மட்டும் தங்கிவிட்டது. இன்னொன்றும் நடந்தது. ஓலைக் கொட்டகைகளில் திரையை அகலமாக்க இடமிருக்காது, அதனால் அதே அகலத்துக்குள் ஸ்கோப் படத்தின் உயரம் குறைந்துபோகும். பெரிய படம் என்று வந்தவன் சின்னப் படம் பார்த்துவிட்டுப் போவான். வீட்டு டிவியில் இன்று நடப்பதும் அதேதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது தமிழுக்கு வருவோம். அகலத்திரை என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது, நல்ல சொல். சேலத்திலிருந்து தர்மபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு போகும் ரயில் பாதை மீட்டர் கேஜிலிருந்து மாறியபோது அகலப்பாதை என்று சொல்லிப் பழகினோம், இணையத்துக்கு அகலக்கற்றை என்றோம், அந்த வரிசையில் அகலத்திரை சரியாகவே உட்காருகிறது. ஆனால் அது வைடு ஸ்கிரீனுக்குத்தான் பொருந்தும். ஏனென்றால் அகலத்திரைக்குப் பல வழிகள் இருந்தன. 1952இல் வந்த சினிராமா மூன்று கேமரா ஃபிலிம்களை மூன்று புரொஜெக்டர்களில் ஓட்டி வளைந்த திரையில் பக்கம் பக்கமாக ஒட்ட வைத்தது. 1954இல் பாரமவுன்டின் விஸ்டாவிஷன் ஃபிலிமைப் படுக்கை வாட்டில் ஓடவிட்டது. 1955இல் டாட்-ஏஓ 65 எம்.எம். நெகட்டிவுக்கே போய்விட்டது. இவை எதற்கும் அடங்காமல், சாதாப் படத்தின் மேலும் கீழும் மறைத்துவிட்டு அகலம் என்று காட்டிய படங்களும் ஏராளம். எல்லாம் அகலத்திரைதான், ஆனால் ஒடுக்கி விரிப்பது சினிமாஸ்கோப்பும் அதன் வழி வந்தவையும் மட்டுமே.

அதனால் அந்த வகைக்கு விரிதிரை என்று சொல்லலாம் என்பது என் கருத்து. விரி என்ற வினை படத்துக்குப் புதிதும் அல்ல, பாம்பு படம் விரிக்கிறது என்று சொல்லும் மொழி நம்முடையது. அனமார்ஃபிக் லென்சுக்கு ஒடுக்குவில்லை, விரிவில்லை என்று இரண்டு பெயர் வைத்துக்கொண்டால் கேமராவில் எது, புரொஜெக்டரில் எது என்பதும் தெளிவாகிவிடும். சினிமாஸ்கோப் என்பதை ஃபாக்ஸின் முறைக்கு மட்டும் பெயர்ச்சொல்லாக விட்டுவிடலாம்.

இவ்வளவு கறாராகப் பிரிக்க வேண்டுமா என்று தோன்றலாம். மீட்டெடுக்கும் வேலையைப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

தொடக்க கால விரிதிரைப் படங்களில் இருக்கும் தனிக் குணங்கள் முக்கால்வாசி அந்த லென்சால் வந்தவை. நடிகரின் முகத்தைக் கிட்டத்தில் காட்டினால் லென்ஸ் போதிய அளவு ஒடுக்காது, புரொஜெக்டரோ முழுசாக விரிக்கும், கன்னம் வீங்கித் தெரியும். ஹாலிவுட்டில் இதற்கு சினிமாஸ்கோப் பொன்னுக்குவீங்கி என்றே பெயர் வைத்தார்கள். ஓரங்களில் தூண் வளையும், கூர்மை மங்கும். அப்புறம் ஒரு காட்சி கரைந்து அடுத்தது தோன்றும் இடங்களில், அந்தத் துண்டை நெகட்டிவிலிருந்து பிரதி எடுத்துத்தான் செய்தார்கள், அதனால் கரைதல் தொடங்கும் நொடியில் படம் சட்டென்று சொரசொரப்பாகும், முடிந்ததும் தெளியும். வட்டை வாங்கியவர் பிரதி கெட்டுவிட்டது என்று நினைப்பார். கெடவில்லை, 1954இலும் அது அப்படித்தான் இருந்தது. மென்பொருளால் கன்னத்தை ஒடுக்கி, தூணை நிமிர்த்தி, சொரசொரப்பை வழித்தெடுத்துவிட்டால் அது வேறு படம். ரீஸ்டோரேஷன் என்பதற்குப் புதுப்பித்தல் என்று எழுதுவதை இதனால்தான் நான் ஏற்க மாட்டேன். மீட்டெடுத்தல் என்றால், வந்த நாளில் இருந்த நிலைக்குக் கொண்டுபோவது, அதைவிட அழகாக்குவது அல்ல.

நிறம் இன்னும் பெரிய சிக்கல். பழைய டெக்னிகலர் கேமரா மூன்று ஃபிலிம் ஓடும் பெட்டி, இந்த லென்சோடு ஒத்துவரவில்லை, ஆகவே ஸ்கோப் படங்கள் ஈஸ்ட்மன்கலர் ஒற்றை ஃபிலிமுக்குப் போயின. அந்தக் காலத்து ஈஸ்ட்மன்கலர் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் வெளிறும், மிஞ்சுவது இளஞ்சிவப்பு. தப்பித்தவை பெரும்பாலும், படம் எடுத்த காலத்திலேயே மூன்று நிறத்தையும் தனித்தனியாக மூன்று கறுப்பு வெள்ளைப் பிரதியாக எடுத்து வைக்கப்பட்ட படங்கள், ஏனென்றால் கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளி, சாயம் மாதிரி அது வெளிறாது. ஆனால் மூன்றும் வெவ்வேறு அளவுக்குச் சுருங்கியிருக்கும். மூன்றையும் ஸ்கேன் செய்து ஃபிரேம் ஃபிரேமாகப் பொருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஃபிலிமின் அசிடேட் அடித்தளமே சிதையத் தொடங்கியிருந்தால் டப்பாவைத் திறந்தவுடன் வினிகர் வாடை அடிக்கும், நம் வெக்கையும் ஈரமும் அதை இன்னும் வேகப்படுத்தும்.

விகிதத்திலும் ஒரு கதை உண்டு. முதல் சினிமாஸ்கோப் படங்கள் 2.55க்கு 1, அதாவது உயரத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் அகலம், ஒலி நான்கு தடமாகக் காந்தப் பூச்சில் இருந்தது. காந்த ஒலிக்குக் கருவி வாங்க வசதியில்லாத தியேட்டர்களுக்காக ஒளிவழி ஒலித்தடம் சேர்த்தபோது, அது படத்தின் இடது பக்கத்தைத் தின்றது, விகிதம் 2.35 ஆனது. ஆகவே ஒரு 1954 படம் எந்தப் பிரதியிலிருந்து மீட்டெடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து இடதுபக்கம் நிற்கும் ஒரு ஆளே இருப்பார் அல்லது இருக்கமாட்டார். அந்த நான்கு தடத்தில் வசனம்கூட ஆள் நிற்கும் திசையிலிருந்து வரும்படி பதிவு செய்திருப்பார்கள், காந்தப் பூச்சு உதிர்ந்துபோன படங்களுக்கு அது போனது போனதுதான்.

சரி, வீட்டு டிவி. அதன் விகிதம் 16:9, சுமார் 1.78. புளூ-ரேயில் மொத்தம் 1080 வரிகள். 2.35 படத்துக்கு அதில் சுமார் 817 வரிகளும், 2.55 படத்துக்கு 753 வரிகளும் போதும், மிச்சம் கறுப்பு. அது குறையல்ல, முழு அகலமும் உள்ளே இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஜூமை அமுக்கி நிரப்பினால் 2.35 படத்தில் கால் பங்கும் 2.55 படத்தில் சுமார் 30 சதவீதமும் பக்கவாட்டில் காணாமல் போகும். பழைய சதுர டிவி காலத்தில் இதைவிட மோசம், ஏறக்குறைய பாதிப் படத்தை வெட்டிவிட்டு ஆள் பேசும் பக்கமாகச் சட்டகத்தை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள், எதிரே நிற்பவரின் மூக்கு மட்டும் தெரியும்.

டிவிடி அட்டையில் அனமார்ஃபிக் என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே ஒடுக்குவது லென்ஸ் அல்ல, அகலமான படத்தை டிவிடியின் குறுகிய சட்டத்துக்குள் ஒடுக்கிப் பதிந்து டிவி விரித்துக்கொள்ளும் ஏற்பாடு. சாதாப் படத்துக்கும் அதைச் செய்யலாம். புளூ-ரேக்கு அந்தத் தேவையே இல்லை, அதனால் அந்த அட்டையில் சொல்லும் இருக்காது.

நம் பக்கம் இந்தச் சொல் வந்த கணக்கு இப்படி. இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் 1959இல் குரு தத் இயக்கிய 'காகஸ் கே பூல்', ஒளிப்பதிவு வி. கே. மூர்த்தி. தமிழில் முதல் படம் 1973இல் சிவாஜி நடிக்க ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'ராஜராஜ சோழன்'. அதற்குள் ஃபாக்ஸே சினிமாஸ்கோப்பைக் கைவிட்டுப் பானாவிஷன் லென்சுக்கு மாறிவிட்டது, பிறந்த வீட்டில் மறைந்த பெயர் நம் போஸ்டரில் புதுசாக மின்னியது. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசுகிறார்கள், ஸ்கோப் மட்டும் மூன்றிலும் ஒன்றுதான்.

அந்த மின்னலின் விளைவு ஒன்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. 1.37 விகிதத்தில் எடுத்த ஐம்பது, அறுபதுகளின் படங்களை டிஜிட்டலில் துடைத்து, கூடவே ஸ்கோப் ஆக்கியிருக்கிறோம் என்று பெருமையாக மறுவெளியீடு செய்கிறார்கள். 1.37 சட்டகத்தை 2.35 ஆக்க வேண்டுமானால் உயரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வெட்டியாக வேண்டும், கிரீடமும் பாதமும் போகும். ஒடுக்காமல் எடுத்ததை விரிக்க முடியாது, வெட்டத்தான் முடியும். அதற்கு விரிதிரை என்ற சொல் பொருந்தவே பொருந்தாது, வெட்டுத்திரை என்றுதான் எழுத வேண்டும்.

ஒரு தமிழ்ப் படத்தின் வட்டு அட்டையில் "விரிதிரைப் படம், 2.35 விகிதம், மூல நெகட்டிவிலிருந்து 4கே ஸ்கேனில் மீட்டெடுத்தது, முதல் வெளியீட்டு ஒலித்தடம் உண்டு" என்று அச்சாகி வந்தால் வாங்குகிறவருக்கு வேறு எதுவும் கேட்கவேண்டி இருக்காது.